படித்துறையும் அரசமரமும்

தமிழின் முதற் சிறுகதை எது என்னும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. பாரதியார் 1905-இல் எழுதத் தொடங்கிய ‘துளஸீ பாயி’ கதையைச் சுட்டுவார் உளர். வ.வே.சு. ஐயர் 1915-இல் ‘விவேகபோதினி’யில் வெளியிட்ட ‘குளத்தங்கரை அரசமர’த்தைச் சுட்டுவாரே மிகுதி. அக்கதையோ, இரவீந்திரநாத் தாகூர் 1884-இல் வங்கமொழியில், ‘படித்துறையின் கதை’ என்று பொருள்படும் தலைப்பிட்டு எழுதிய கதையோடு மிக நெருங்கியது. இதனைக் கேட்டவுடன் சிலர் முகம் வாடுகிறது. சிலர் ‘தழுவல்’ என்ற ஒரு சொல்லால் ஐயரை ஒதுக்கிவிடுகின்றனர். இரண்டும் வேண்டா. இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்கினால், சிறுகதையின் உறுப்புகள் யாவை, அவற்றுள் தலையாயது எது என்பது நமக்குத் தெளிவாகும்.

தாகூரின் கதையைக் கங்கைக் கரையின் படித்துறை சொல்லுகிறது. குசும் என்னும் சிறுமி எட்டு வயதில் கைம்பெண் ஆகிறாள். ஆண்டுகள் சென்றபின் இளந்துறவி ஒருவர் அவ்வூர்க் கோயிலுக்கு வருகிறார். அவரே அவளுடைய கணவர் என்று பெண்கள் சிலர் முணுமுணுக்கின்றனர். தன் மனம் அவர்பால் சென்றதைக் குசும் அவரிடமே சொல்ல நேர்கிறது. தம்மை மறந்துவிடுமாறு கூறித் துறவி ஊரை விட்டு அகல்கிறார். அவள் ஆற்றில் இறங்கி மறைகிறாள்.

ஐயரின் கதையைக் குளத்தங்கரையில் நிற்கும் அரசமரம் சொல்லுகிறது. ருக்மிணி செல்வர் வீட்டுப் பெண்; நாகராஜனுக்கு இளமையிலேயே மணம் செய்விக்கப்பட்டவள். தந்தை அர்பத்நாட் நிறுவனத்தில் இட்ட பொருள் அழிந்துபோக, நாகராஜனின் பெற்றோர் அவனுக்கு வேறு பெண் தேடுகின்றனர். இணங்குவதுபோல் நடித்து, இறுதியில் அவர்களை ஏமாற்றிவிடலாம் என்று அவன் எண்ணுகிறான். நண்பனிடம் சொன்ன அந்த இரகசியத்தை மனைவியிடம் சொல்லாமல் விடுகிறான். அவள் குளத்தில் உயிர் விடுகிறாள், அவன் துறவியாகிறான்.

தொல்காப்பியர் அகப்பாட்டுக்கு முதல், கரு, உரி என்னும் மூன்று பொருள்களை வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து மரமும் புள்ளும் விலங்கும் பிறவும் கரு. மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரி. சிறுகதைக்கென அமைந்த இலக்கணம் அன்று இது. எனினும் ஐயரின் கதையில் களமும் காலமும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை உணர இது துணை செய்கிறது. அர்பத்நாட் வங்கி சென்னையில் முறிந்த ஆண்டு 1906. அந்த வீழ்ச்சியன்றோ ருக்மிணியின் வாழ்வைப் புரட்டியது! காலத்தை எடுத்துவிட்டால் கதையின் முரண் எழுவதற்கே இடமில்லை. தாகூரின் முரண் உள்ளத்துக்குள் எழுவது. ஐயரின் முரண் பணத்தால் எழுவது. வித்து ஒன்றாயினும் மண் வேறு என்பது இங்கே விளங்கும்.

இனி, கூற்று. கதையைச் சொல்வது யார் என்னும் வினாவே மற்ற உறுப்புகளை எல்லாம் ஆள்கிறது என்பது நம் கருத்து. எட்கர் ஆலன் போ 1842-இல் எழுதிய மதிப்புரை ஒன்றில், ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க கதை ஒரே விளைவை நோக்கிச் செல்லவேண்டும் என்றார். இவ்விரு கதைகளோ பல்லாண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவன. ஆயினும் அவை சிதறவில்லை. ஏன்? படித்துறையும் மரமும் இடம் பெயர மாட்டா. அவற்றின் பக்கம் வந்ததும், அவற்றின் செவியில் விழுந்ததுமே கதைக்குள் நுழைகின்றன, ஏனைய நீங்குகின்றன. வேண்டாதவற்றைக் களையும் வேலையைக் கூற்றே செய்துவிடுகிறது.

வேறுபாடும் இங்கேதான் பிறக்கிறது. அந்தத் துறவி யார் என்பதைப் படித்துறை அறியாது, நாமும் அறியோம். அந்த ஐயமே தாகூர் கதையின் உயிர். அரசமரமோ நாகராஜன் நண்பனோடு பேசியதைக் கேட்டிருக்கிறது. ருக்மிணிக்கு வேண்டிய ஒரே செய்தி அதனிடம் உண்டு. ஆனால் அதற்கு அவளிடம் பேச வாயில்லை. அறிந்தும் உரைக்க இயலாத அந்தத் தவிப்பு ஐயரின் ஆக்கம். வேறெவரிடமும் பெற்ற கடன் அன்று.

முடிவில் அரசமரம் பெண்களின் மனத்தை நோகச் செய்யாதீர் என்று இளைஞரை வேண்டிக்கொள்கிறது. இது அறவுரை என்று குறை கூறுவர். ‘மணிக்கொடி’யில் 1934-இல் வந்த புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையும் இறுதியில் நம்மை நோக்கியே பேசுகிறது. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்காகத் தன்னை விற்கும் அம்மாளுவைப் பழிக்காமல், கற்பு பேசும் நம்மை அது எள்ளுகிறது. இருபது ஆண்டுக்குள் வேண்டுகோள் ஏளனமாயிற்று. கூற்று மாறியது; அதனோடு முடிவின் தன்மையும் மாறியது. உறுப்புகள் தனித்தனியே வளர்வதில்லை என்பதற்கு இது சான்று.

ஆதலின், முதன்மை பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். கங்கைக் கரையிலிருந்து ஒரு குரலைக் கேட்டார் ஐயர். அதனை நம் ஊர்க் குளக்கரையில் நிறுத்தி, நம் வீட்டுத் துயரைச் சொல்ல வைத்தார். கடனை ஒப்புக்கொள்வதால் அவர் பெருமை குறையாது. மறைத்தால்தான் குறையும்.