அரும்பொருளகமும் இனவேற்றுமையின் எச்சங்களும்

ஆண்டுதோறும் சூலைத் திங்கள் 21ஆம் நாளைச் சிங்கப்பூர்ப் பள்ளிகள் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகின்றன. சீனச் சிறுமி சேலை உடுத்தி வருவாள், தமிழ்ச் சிறுவன் பாஜு மெலாயு அணிந்து நிற்பான், பலகாரங்கள் பரிமாறப்பெறும், நிழற்படங்கள் எடுக்கப்பெறும். காண்பதற்கு இனிய காட்சியே. ஆயின், ஆண்டின் எல்லா நாள்களையும் விடுத்து அந்த ஒரு நாளைத் தேர்ந்தது ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டால் விடை எளிதில் வருவதில்லை. 1964ஆம் ஆண்டு அதே நாளில், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக்கலவரத்தில் 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் எழுந்த பூசலில் மேலும் 13 உயிர்கள் போயின. 1997 முதல் பள்ளிகள் நினைவுகூர்வது இதனையே. குருதி சிந்திய நாள் பட்டாடை உடுத்தும் நாளாக மாறியதில் பிழையில்லை. ஆனால் ஆடை மட்டும் நின்று காரணம் மறைந்துவிடுமாயின் அது கல்வி ஆகாது.

காரணத்தைக் கற்பிக்கும் இடம் எது? பாடநூலில் சில பத்திகளே அடங்கும். பெற்றோர் பேசத் தயங்குவர். ஆசிரியரோ, எந்தப் பிள்ளையின் மனம் புண்படுமோ என்று அஞ்சி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். எஞ்சி நிற்பது அரும்பொருளகம். அங்கே பொருள் இருக்கிறது. ஒரு மனிதரை நோக்கிக் கேட்க முடியாத கேள்வியை ஒரு பொருளை நோக்கிக் கேட்கலாம். ஆதலின், அரும்பொருளகங்கள் பொதுமக்களுக்காக நடத்தும் நிகழ்ச்சிகளில் கோலத்துக்கும் மருதாணிக்கும் அளிக்கும் இடத்தில் ஒரு பங்கையேனும் இழிவின் வரலாற்றுக்கு அளித்தல் வேண்டும்.

அவ்வாறு செய்ய முனையும் அரும்பொருளகம் முதலில் தன் வீட்டிலிருந்தே தொடங்குவது நேர்மை. 1887இல், விக்டோரியா அரசியாரின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி, ஸ்டாம்ஃபர்ட் சாலையில் ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும் ஒரே கட்டடத்தில் திறக்கப்பெற்றன. பஞ்சடைத்த விலங்குகளும் பறவைகளும் ஒரு பக்கம். மலாய்த் தீவுக்கூட்ட மக்களின் ஈட்டியும் கூடையும் துணியும் மற்றொரு பக்கம். இனவியல் என்னும் துறை அந்நாளில் ஆளப்பட்டோரை ஆராய்ந்ததேயன்றி ஆண்டோரை ஆராயவில்லை. 1960இல் அதுவே தேசிய அரும்பொருளகம் ஆயிற்று. பெயர் மாறிய அன்றே பார்வையும் மாறிவிடுவதில்லை. இனத்தின்படி மக்களைப் பிரித்து அடுக்கும் பழக்கம் கண்ணாடிப் பேழைக்குள் மட்டும் இருந்ததும் அன்று.

இதற்கு மிகச் சிறந்த சான்று சுண்ணாம்பு. பாமர வழக்கில் தேக்கா எனப்படும் சிராங்கூன் சாலை வட்டாரத்துக்கு முற்காலத் தமிழர் இட்ட பெயர் சுண்ணாம்புக் கம்பம். மலாய்க்காரர் வழங்கிய கம்போங் காப்போர் என்பதற்கும் அதுவே பொருள். அச்சாலையை ஒட்டி அரசாங்கச் செங்கற்சூளைகள் இருந்தன. அவற்றில் உழைத்தோர் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825இல் பென்கூலனிலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டது முதல், 1873இல் கைதிகள் குடியிருப்பு கலைக்கப்பட்டது வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இந்நகரின் சாலைகளையும் கட்டடங்களையும் அமைத்தோருள் அவர்கள் முதன்மையானவர்கள். 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கைவண்ணம். இன்று அதிபர் மாளிகையாகிய இஸ்தானாவும் அவ்வாறே. தேவாலயச் சுவர்களுக்குப் பூசியது சென்னைச் சுண்ணம்: சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பிசைந்து, பூசி உலர்ந்தபின் படிகக்கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. கைதிகளின் கண்காணிப்பாளராயிருந்த மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் இச்செய்முறையை விரிவாக எழுதியுள்ளார். செய்முறை ஏட்டில் ஏறிற்று. செய்தவர் பெயர் சுவரில் ஏறவில்லை.

அவர்களுள் பலருக்கு எழுத்து நெற்றியில் இருந்தது. வங்காள, சென்னை மாகாணங்களில் ஆயுள் தண்டனை பெற்றோர் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் 1849 வரை நிலவியது. தலைப்பாகையைச் சற்றுத் தாழ்த்திக் கட்டி அதனை மறைத்தோர் உண்டு. ஒரு மாணவர் குழுவைத் தேவாலயச் சுவரருகே அழைத்துச் சென்று, அந்த வழவழப்பைத் தொட்டுப் பார்க்கச் செய்து, பின்னர் இந்த நெற்றி எழுத்தைப் பற்றிக் கூறுவதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் வேறு இருக்க முடியாது. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இருநூற்றாண்டு நினைவை ஒட்டி, ஆற்றங்கரையிலுள்ள ராஃபிள்ஸ் சிலையருகே வேறு நான்கு சிலைகளைச் சில நாள்கள் நிறுத்தினர்: சாங் நீல உத்தமன், டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை. நல்ல செயலே. ஆனால் இளவரசர் ஒருவர், வணிகர் இருவர், புலவர் ஒருவர் என்ற அந்த வரிசையில் சுண்ணாம்பு அரைத்தவனுக்கு இடம் வாய்க்கவில்லை.

இனத்தை வகுத்த கோடுகளையும் பொருளாகவே காட்டலாம். 1822இல் வரையப்பட்ட ஜாக்சன் நகர்த்திட்டப் படத்தில் ஐரோப்பியர் நகரம், சீனர் கம்போங், சூலியர் கம்போங், அரபியர் கம்போங், புகிஸ் கம்போங் எனப் பகுதிகள் பிரிந்து கிடப்பதைக் காணலாம். தேக்கா அத்திட்டத்தில் இல்லை. சூளையும், மாட்டு வணிகமும், குதிரைப் பந்தயத் திடலும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் அது. லிட்டில் இந்தியா என்ற பெயரில் 1989இல்தான் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பெற்றது. வழிகாட்டிகள் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். படத்துக்கு அடுத்தாற்போல் 1904ஆம் ஆண்டின் விதியை வைக்கலாம்: தாய்வழியும் தந்தைவழியும் தூய ஐரோப்பியராக இருப்போர்க்கே உயர் ஆட்சிப் பணி. 1934இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஆட்சிப் பணி ஆசியர்க்குத் திறக்கும்வரை, எத்துணைக் கல்வி பெற்றாலும் எழுத்தர் நாற்காலியோடு நின்றவர் பலர். 1915 பிப்ரவரி 15இல் ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் 47 பேர் ஊட்ரம் சிறைச் சுவரருகே ஊரார் காணச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கிளர்ந்தது வடநாட்டு முசுலிம்களைக் கொண்ட ஒரு படைப்பிரிவு. பின்னர்ப் பதிவு செய்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்பட்டோரோ இங்கிருந்த இந்தியர் அனைவரும். மளிகைக் கடைக்காரரும் வண்டியோட்டியும் சிப்பாயின் செயலுக்கு விடை கூற நேர்ந்தது. இனவேற்றுமை என்பதன் இலக்கணம் இதனினும் தெளிவாக எங்கே கிடைக்கும்? மாண்ட ஆங்கிலேயர்க்கு விக்டோரியா நினைவு மண்டபத்திலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திலும் நினைவுக்கற்கள் பதிக்கப்பெற்றன.

இத்தகைய நிகழ்ச்சிகளைத் திட்டமிடுவோர் தடுக்கி விழுந்த இடத்தையும் அறிதல் வேண்டும். 1942இல் ஆங்கிலேயர் சப்பானியரிடம் சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலையில் போர்க்காலக் கண்காட்சி ஒன்று புதுப்பிக்கப்பெற்று 2017 பிப்ரவரி 15இல் திறக்கப்பட்டது. அதற்குச் சூட்டிய பெயர் ‘ஷோனான் கூடம்’. ஷோனான் என்பது சிங்கப்பூருக்குச் சப்பானியர் இட்ட பெயர். கொடுமையை மறவாதிருக்கவே அப்பெயர் என்றனர் அமைத்தவர்கள். ஆனால் படுகொலையில் தந்தையையும் பாட்டனையும் இழந்த குடும்பங்களின் காதில் அது கொடியவனைப் பெருமைப்படுத்தும் பெயராகவே ஒலித்தது. இரண்டே நாளில் பெயர் மாற்றப்பட்டது. பொறுப்பு அமைச்சர் வருத்தமும் தெரிவித்தார். உள்ளேயிருந்த காட்சிப்பொருள்கள்மீது எவரும் குறை கூறவில்லை. வாயிற்பலகையின் ஒரு சொல்லே சுட்டது. புண்பட்டோரை முதலில் அழைத்துக் கேட்டிருந்தால் பலகை எழுதுமுன்னரே அச்சொல் நீங்கியிருக்கும்.

பிற நாடுகளில் கேட்டுச் செய்தோர் உளர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆறாம் வட்டாரம் என்னும் பகுதி 1966இல் வெள்ளையர்க்கே உரியதென அறிவிக்கப்பட்டு, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். 1994இல் அங்கு ஒரு பழைய தேவாலயத்தில் அரும்பொருளகம் அமைத்தவர்கள் தரையில் அவ்வட்டாரத்தின் தெருப்படத்தை விரித்தனர். அங்கு வாழ்ந்தவர்கள் வந்து, தம் வீடு இருந்த இடத்தைக் கண்டு, தம் கையாலேயே பெயரை எழுதினர். அமெரிக்காவின் பால்டிமோரில் 1992இல் பிரெட் வில்சன் என்னும் கறுப்பினக் கலைஞர், பழைய வெள்ளிக் கிண்ணங்களின் நடுவே அடிமைகளின் இரும்பு விலங்கை வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ‘உலோக வேலைப்பாடு’ என்று ஒரே அட்டையை எழுதினார். புதுப்பொருள் வாங்கப்படவில்லை. கிடங்கில் கிடந்தது மேலே வந்தது, அவ்வளவே.

கற்பிக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளை எசமானராகவும் கூலியாகவும் நடிக்கச் செய்வது சிலர்க்குப் பிடித்த உத்தி. அது நகைப்பில் முடியும், அல்லது அழுகையில் முடியும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இருவர் இருப்பின், கூலிகளின் படத்துக்குமுன் நிற்கும்போது எல்லார் கண்களும் அவ்விருவர்மேல் திரும்பும். ‘உன் தாத்தா இப்படித்தான் வந்தாரா?’ என்று அன்போடு கேட்கும் வழிகாட்டியும் அக்குழந்தையைப் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார். கேள்வி அட்டையை எழுதியவரை நோக்கியும் சட்டத்தை இயற்றியவரை நோக்கியும் செல்ல வேண்டும்.

தமிழர் தம் வீட்டுக் கதையை ஒளிப்பதும் தகாது. வெள்ளையர் வகுத்த நிறக்கோட்டைக் காட்டும் கூடத்தில், கப்பலேறி வந்த சாதிக்கோட்டையும் காட்ட வேண்டும். மலாயாத் தோட்டங்களில் சாதிக்கொரு வரிசை வீடு இருந்தது. 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை தந்தார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதனை முன்னின்று நடத்திய கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். இவர்கள் எதனை எதிர்த்தனர் என்று கூறாமல் இவர்களைப் போற்றுவது பாதி உண்மையே.

இந்திய மரபுடைமை நிலையம் 2015 மே மாதம் கேம்பல் லேனில் திறக்கப்பெற்றது. வடநாட்டுப் படிக்கிணற்றை நினைவூட்டும் முகப்பு. உள்ளே ஐயாயிரம் நுண்செதுக்குகள் கொண்ட செட்டிநாட்டு வாயிற்கதவு. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் கூடும் முனையில், 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, தமிழகத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தின் கீழ் அகப்பட்டு மாண்டார். அதனையடுத்துக் கலவரம் மூண்டு வண்டிகள் எரிந்தன. 2014இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, மதுவையும் மீட்புப் பணியைப் பற்றிய தவறான எண்ணத்தையும் காரணங்களாகக் கூறிற்று. வேலை நிலையையும் வாழ்க்கை நிலையையும் காரணமாகக் கொள்ளவில்லை. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அந்த இரவைப் பற்றிய அறிக்கையும் சட்டமும் இருக்கின்றன. அவ்வட்டாரத்துக்கு ஞாயிறுதோறும் வந்தவர்கள் தம்மை இந்நகர் எவ்வாறு நோக்கிற்று என்று கூறும் குரலுக்கும் ஓர் இடம் வேண்டும். ஆறாம் வட்டாரத் தெருப்படம் போன்று ஒரு தேக்காப் படத்தைத் தரையில் விரித்தால் அதில் பெயர் எழுத உரியோர் கடைக்காரர் மட்டும் அல்லர். அதற்கு ஞாயிறு மாலையில் நிகழ்ச்சி வைக்க வேண்டும், கட்டணம் வாங்கலாகாது, தமிழிலும் வங்காள மொழியிலும் பேசும் வழிகாட்டி வாயிலிலேயே நிற்க வேண்டும். கட்டட வேலைக்காக ஊரைவிட்டு வந்த அவர்களுள், சென்னைச் சுண்ணத்தை இன்றும் தம் கையால் அரைத்துக் காட்டத் தெரிந்தவர் ஒருவர் இருக்கவும் கூடும்.