கல்லில் பதிந்த கைகள்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து உள்நாட்டில், பிரிஸ்பேன் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கார்னர்வன் தேசியப் பூங்கா. பூங்கா என்னும் சொல்லைக் கொண்டு மலர்ச்சோலையைக் கற்பனை செய்துவிடலாகாது. அது மணற்கற் பாறைகளை நீர் அறுத்து உண்டாக்கிய பெரும் பள்ளத்தாக்கு.

சுற்றிலும் வறண்ட நிலமாயிருக்க, உள்ளே நீரோடை ஓயாது ஓடுகிறது. மேலே பெய்யும் மழைநீர் மணற்கல்லின் நுண்துளைகளில் இறங்கி, கீழேயுள்ள இறுகிய களிப்பாறையைக் கடக்க இயலாமல், பாறையிடுக்குகளில் ஊற்றாகக் கசிகிறது. அந்த ஈரத்தில்தான் தொல்லுலகச் சின்னம் போன்ற பேரிலைப் பெரணிகள் இன்றும் தழைக்கின்றன. வானவில் பாம்பாகிய முண்டகுர்ரா ஊர்ந்து சென்றே இப்பள்ளத்தாக்கு பிறந்தது என்பது அந்நிலத்துத் தொல்குடி மக்களின் மரபுரை.

ஓடையைப் பலமுறை கடந்து நடப்போர் 'கலைக்கூடம்' எனப்படும் பாறைச் சுவரை அடைவர். 62 மீட்டர் நீளமுள்ள அச்சுவரில் 2,000க்கும் மேற்பட்ட செதுக்கல்களும் காவிப் பதிவுகளும் ஓவியங்களும் உள்ளன. கையைப் பாறைமீது வைத்து, நீரில் குழைத்த வண்ணத்தை வாயால் ஊதினர். கையை எடுத்தபின் அதன் வடிவம் மட்டும் வெறுமையாய் நின்றது. வளைதடிகளும் கற்கோடரிகளும் அவ்வாறே பதிந்துள்ளன.

1846ஆம் ஆண்டு நில அளவையாளர் தாமஸ் மிட்செல் வட கடற்கரைக்கு வழிதேடி இம்மலைப் பகுதிக்கு வந்தார். காட்சியின் அழகில் தோய்ந்து, ஓரிடத்திற்குச் சால்வடார் ரோசா என்னும் 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியரின் பெயரைச் சூட்டினார். ஓவியர்கள் வாழ்ந்த நிலத்திற்கு, அதனைக் கண்டேயிராத ஓர் ஓவியரின் பெயர் வாய்த்தது. அவரைத் தொடர்ந்து மேய்ச்சற்காரர் வந்தனர்; மோதல்களும் பழிவாங்கும் படுகொலைகளும் நிகழ்ந்தன. 1897ஆம் ஆண்டுச் சட்டம், 'பாதுகாப்பு' என்னும் பெயரால், தொல்குடி மக்களைத் தம் நிலத்திலிருந்து அகற்றி ஒதுக்கிடங்களில் வைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது.

இம்மக்கள் எத்துணைக் காலம் இங்கு வாழ்ந்தனர்? இப்பூங்காவின் மவுண்ட் மொஃபாட் பகுதியிலுள்ள கென்னிஃப் குகையே இவ்வினாவிற்கு விடை தந்தது. ஜான் முல்வனி 1960ஆம் ஆண்டிலும் 1962ஆம் ஆண்டிலும் அங்கு அகழாய்வு நடத்தினார். கீழடுக்குகளில் கையாற் பிடித்துப் பயன்படுத்தும் கற்சுரண்டிகளும், மேலடுக்குகளில் பிடியில் பொருத்தத்தக்க சிறு கருவிகளும் கிடைத்தன. கரித்துண்டுகளின் கதிரியக்கக் காலக்கணிப்பு, அங்கு மனிதர் வாழ்ந்த காலத்தை ஏறத்தாழ 19,000 ஆண்டுகளுக்குப் பின்கொண்டு சென்றது. பனியுகக் காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் மனிதர் வாழ்ந்தனர் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று இதுவே. பின்னர் முங்கோ ஏரி முதலான இடங்களில் கிடைத்த சான்றுகள் 40,000 ஆண்டுகளையும் கடந்தன.

ஆனால் தொன்மை வேறு, உரிமை வேறு. 1992ஆம் ஆண்டு மாபோ தீர்ப்பு, 'ஆளில்லா நிலம்' என்னும் கொள்கையைத் தள்ளிற்று. எனினும் உரிமை கோருவோர், ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கிய நாள்முதல் தம் மரபுச் சட்டமும் வழக்கமும் பெரும்பாலும் அறாது தொடர்ந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும். மத்திய குவீன்ஸ்லாந்து நிலங்கள் குறித்துப் பிட்ஜாரா மக்கள் தொடுத்த வழக்கில், அத்தொடர்ச்சி மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

மரபு அறுந்தது என்றால் அதனை அறுத்தவர் யார் என்பதே வரலாறு கேட்கும் கேள்வி. மக்களை நிலத்திலிருந்து பெயர்த்த அரசாட்சியின் வழித்தோன்றலாகிய சட்டமே, பின்னாளில் அம்மக்களிடம் தொடர்ச்சிக்குச் சான்று கேட்கிறது. வரலாற்று மாணவர் எவரும் இம்முரணை எளிதில் கடந்து செல்லவியலாது.

கலைக்கூடத்துச் சுவரில் கைகள் இருந்த இடம் வெறுமையாகவே உள்ளது. சுற்றிப் படிந்த காவியே கையைக் காட்டுகிறது. இல்லாமையும் ஒரு சான்றாகும் என்பதை அப்பாறை நமக்குக் கற்பிக்கிறது.