டி-ஜெட்ரானிக்கும் கரும்புகையும்

கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளை எதிர்கொள்ள, அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் காப்புரிமைகளைத் தழுவி ஜெர்மனியின் பாஷ் உருவாக்கிய டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு எரிபொருள் செலுத்து முறை, 1967இல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் அறிமுகமானது. எஞ்சினுக்குள் போகும் காற்றை நேரடியாக அளக்காமல், காற்றுக்குழாயின் அழுத்தத்தைக் கொண்டே அது பெட்ரோலின் அளவைக் கணித்தது. ஆகவே அழுத்த உணரிக்குள் இருக்கும் மெல்லிய உலோகச் சவ்வு நாளடைவில் விரிசல் கண்டால், பெட்ரோல் மிகுந்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து, சைலன்சரில் கரும்புகை வரும். ஆயினும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் விலை மிகுந்த அந்த உணரியில் தொடங்குவதில்லை. சூடு ஏற ஏற மின்தடை குறையும் வெப்ப உணரியின் ஒயர் அறுந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி எஞ்சின் கடுங்குளிரில் கிடப்பதாக எண்ணிப் பெட்ரோலை வாரி இறைக்கும் என்பதால், மல்டிமீட்டரை முதலில் அங்கேதான் வைப்பர். பல கார்களில் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் காட்ட வேண்டும். அடுத்து, சுமார் 2 பார் இருக்க வேண்டிய எரிபொருள் அழுத்தமும், குளிர்நேரத்தில் கூடுதல் பெட்ரோல் தரும் வால்வின் கசிவும் சோதிக்கப்படும். கைப்பம்பால் ஏற்றிய வெற்றிடம் நிற்காதபோதே அழுத்த உணரி கழற்றப்படும். எல்லாப் பழிக்கும் ஆளான மின்னணுப் பெட்டியோ பழுதாவது அரிது.