மைனிங் இயந்திர முன்பதிவு

இன்னும் தயாரித்து முடிக்காத பிட்காயின் மைனிங் இயந்திரத்துக்கு முழு விலையையும் முன்கூட்டியே கட்டிவிட்டுக் காத்திருக்கும் வணிகமுறை இது. பலர் இதை முதலீடு என்று நம்பினார்கள். ஆனால் வாங்குபவர் கொடுப்பது வட்டியும் ஈடும் இல்லாத கடன். நிறுவனத்தில் அவருக்குப் பங்கு கிடையாது, லாபத்தில் உரிமையும் கிடையாது. நிறுவனம் நொடித்தால் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

இந்த முறை பரவலானது 2012-இல். அதுவரை கணினிகளிலும் கிராஃபிக்ஸ் கார்டுகளிலும் நடந்த மைனிங்கை, அதற்கென்றே வடிவமைத்த ஏசிக் சிப்புகள் பிடித்துக்கொள்ளப் போகின்றன என்ற பேச்சு அப்போது எழுந்தது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி பகுதியில் இயங்கிய பட்டர்ஃபிளை லேப்ஸ், இல்லாத இயந்திரங்களுக்கு 149 டாலர் முதல் 29,899 டாலர் வரை வாங்கியது. 2013 செப்டம்பரிலும் 20,000-க்கு மேற்பட்டோருக்கு இயந்திரம் வந்து சேரவில்லை. வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய இயந்திரங்களை ஓட்டி நிறுவனமே பிட்காயின் எடுத்துக்கொண்டது என்றும் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2014 செப்டம்பரில் நீதிமன்றம் சென்றது. 2016-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஹேஷ்ஃபாஸ்ட், காயின்டெர்ரா ஆகிய நிறுவனங்கள் திவாலாயின. 2013 ஜனவரியில் முதல் ஏசிக் இயந்திரங்களை அனுப்பிய அவலான் நிறுவனத்திடம் முந்திப் பதிவு செய்தவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சிலரைப் பார்த்து வேறு பலரும் பணம் கட்டினார்கள்.

தாமதம் ஏன் இத்தனை கொடியது? பிட்காயினில் மைனிங் இயந்திரங்கள் வெகுமதிக்காகப் போட்டியிட்டுக் கண்டுபிடிக்கும் பிளாக், ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒன்றுதான். எத்தனை இயந்திரங்கள் சேர்ந்தாலும் வெகுமதி கூடுவதில்லை. அந்த வேகம் மாறாதபடி, ஒவ்வொரு 2,016 பிளாக்குக்கும் ஒருமுறை பிளாக்கைக் கண்டுபிடிப்பதன் கடினநிலை மாற்றியமைக்கப்படும். 2013 தொடக்கத்தில் சுமார் 30 லட்சமாக இருந்த கடினநிலை, ஆண்டு முடிவில் 100 கோடியைத் தாண்டியது. ஜனவரியில் வர வேண்டிய இயந்திரம் டிசம்பர் முடிவில் வந்தால், அது ஒரு நாளில் ஈட்டும் காயின், ஜனவரியில் ஈட்டியிருக்கக்கூடியதில் 300-இல் ஒரு பங்குகூட இல்லை. அதே ஜனவரியில் சுமார் 13 டாலருக்கு விற்ற பிட்காயினை நேரடியாக வாங்கி வைத்தவரிடம் ஆண்டு முடிவில் 700 டாலருக்கு மேல் மதிப்பு இருந்தது. விலையேற்றத்தை நம்பியவருக்கும் முன்பதிவு தவறான வழியாகவே அமைந்தது.

இந்தியாவில் மைனிங்கில் சம்பாதிக்கும் ஆசை வேறு வடிவில் வந்தது. 2015-இல் அமித் பரத்வாஜ் தொடங்கிய கெயின்பிட்காயின், இயந்திரத்தைக் கண்ணில் காட்டாமலே, மைனிங் வருமானம் என்று சொல்லி 18 மாதங்களுக்கு மாதம் 10 சதவீதம் தருவதாக வாக்களித்தது. 2018-இல் அவர் கைதானார், 2022-இல் இறந்தார். வழக்குகள் பின்னர் சிபிஐ வசம் சென்றன. தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பெருந்துறை சுசி ஈமு பண்ணையில் குஞ்சுகளுக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டிய விவசாயிகள், மாதத் தொகை நின்றபோது 2012 ஆகஸ்டில் தெருவுக்கு வந்தார்கள்.

இயந்திரம் வந்து சேர்ந்தாலும் செலவு முடிவதில்லை. 2016-இல் வந்த அண்ட்மைனர் எஸ்9 ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 32 யூனிட் மின்சாரம் குடிக்கும். கடலோரத்தில் உப்புக் காற்று வேறு. ஓயாமல் சுழலும் விசிறிகள் அந்தக் காற்றை உள்ளே இழுக்க, போர்டின் செப்புத் தடங்களும் பற்றவைப்புப் புள்ளிகளும் அரிக்கத் தொடங்கும்.

இந்தியாவில் சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது. பொருளுக்கான உண்மையான முன்பணம், 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி வைப்புத்தொகை ஆகாது என்பதால் அதன் பாதுகாப்பு கிடைக்காது. லாப நோக்கில் வணிகத்துக்காக வாங்கியவர், தன் பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்ட முடியாவிட்டால், நுகர்வோர் என்ற தகுதியையும் இழப்பார். 2022 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங் உள்கட்டமைப்புச் செலவை அதில் கழித்துக்கொள்ள முடியாது என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியிருக்கிறது. மைனிங் செய்தே தீருவேன் என்பவர், ஓடும் இயந்திரத்தைப் பார்த்த பிறகு பணம் கொடுக்கட்டும்.