மஜ்ஜையும் மரபும்

எமது தேவ்நார்க் குடியிருப்பில் வாழும் பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு மருத்துவ அறிக்கை ஒன்றுடன் என் வீட்டிற்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே பம்பாய்க்குப் பிழைக்க வந்தவர். எழுபது வயதைக் கடந்தவர். எலும்பு மஜ்ஜை பழுதுற்று இரத்த அணுக்கள் குறைந்துவரும் நோய் அவருக்கு. மொழிபெயர்ப்பே என் உத்தியோகமாதலால், அறிக்கையைப் படித்து, "மரபணுவில் மாற்றம்" என்று தயங்காமல் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிற்று. "அப்படின்னா இது வம்சத்துல வர்றதா தம்பி? பேரப்பிள்ளைகளுக்கும் வருமா?" என்றார்.

குற்றம் என் சொல்லில் இருந்தது. மரபு என்றால் வழிவழி வருவது என்பதன்றோ தமிழ்ப் பொருள்? மஜ்ஜை நோய்களிற் பெரும்பாலானவற்றில் காணும் மாற்றமோ பெற்றோர் தந்ததன்று. ஒருவருடைய வாழ்நாளில் மஜ்ஜையின் ஓர் உயிரணுவில் தோன்றி, அதிலிருந்து பிறக்கும் உயிரணுக்களில் மட்டும் பரவுவது. வழிவழி வரும் மஜ்ஜை நோய் மிகச் சில குடும்பங்களிலேயே உண்டு. இதனை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றின் ஒரு பகுதி, நம்மிற் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் பரேலில் நடந்தது.

பரேலில் பழைய கவர்னர் மாளிகை ஒன்று உண்டு. 1899ஆம் ஆண்டில் அங்கே பிளேக் ஆராய்ச்சிக்கூடம் அமைந்தது. 1925இல் அது ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் பெற்றது. அந்நிலையத்திற்கு 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கில மாதர் வந்து சேர்ந்தார். பம்பாயின் ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகையால் மாண்டுகொண்டிருந்தனர். அவர்களுடைய இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையிற் குறைந்தும் உருவத்திற் பெருத்தும் காணப்பட்டன. வில்ஸ் கிருமியைத் தேடுவதோடு நில்லாமல் அப்பெண்கள் என்ன உண்கின்றனர் என்று விசாரித்தார். அவர்கள் உணவை ஒத்த உணவை எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். எலிகளைப் பேன் தொற்றியதால் அச்சோதனை ஐயத்திற்கு இடமாயிற்று. பின்னர்க் குரங்குகளைக் கொண்டு மீண்டும் நடத்தினார். ஆராய்ச்சி என்பது இத்தகைய இடறல்கள் நிறைந்ததே. குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணி தொடர்ந்தது.

அவர் கண்ட மருந்து மார்மைட். மது வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் கருநிறப் பசை அது. ஈரல் சத்தைவிட மலிவானது. அதனை உண்ட பெண்கள் தேறினர். வேறொரு சோகையைத் தீர்த்துவந்த, நன்கு தூய்மை செய்த ஈரல் சத்து இங்கே பயன்படவில்லை. தூய்மை செய்யாத ஈரலோ பயன்பட்டது. ஆகவே ஈஸ்ட்டிலும் ஈரலிலும் இதுவரை அறியப்படாத பொருளொன்று இருக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. அதுவே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது.

நமது மஜ்ஜை விநாடிக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களைப் படைக்கின்றது. ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைப் படியெடுத்தாக வேண்டும். ஃபோலேட் குறைந்தால் அப்படியெடுப்பு நின்று தடுமாறும். உயிரணு பிரிய மாட்டாமல் வீங்கிப் பெருக்கும். வில்ஸ் கண்ட பெரிய அணுக்களின் இரகசியம் இதுதான்.

இனி எல்லாப்ரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் உடன்பிறந்தாரை இழந்து, தாமும் அந்நோயுற்று மீண்டவர். 1923இல் அமெரிக்கா சென்ற அவருடைய தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தார் 1945ஆம் ஆண்டில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகப் படைத்தனர்.

பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு இவ்வகைப் பொருளைக் கொடுத்தபோது, நோய் தணியாமல் விரைந்து பெருகிற்று. சோகையுற்ற மஜ்ஜைக்கு உணவானது, தறிகெட்ட மஜ்ஜைக்கும் உணவாயிற்று! எனின், அவ்வுணவைத் தடுத்தால்? சுப்பாராவின் கூடம் ஃபோலேட்டின் பகைப்பொருளாகிய அமினோப்டெரினைச் செய்து அனுப்பிற்று. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாகக் கூறினார். அத்தணிவு நிலைக்கவில்லை, ஆயினும் மருந்தால் இரத்தப் புற்றைத் தணிக்கலாம் என்பது அன்று தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

ஃபோலேட்டுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. மெத்தில் என்னும் சிறு குறியை டி.என்.ஏ. மீது இடுவதற்கு வேண்டிய பொருளை அது வழங்குகின்றது. எழுத்து மாறுவதில்லை; எழுத்தின்மேல் ஒரு குறி விழ, அந்த மரபணு ஓய்ந்துவிடுகின்றது. ககரத்தின்மேல் புள்ளி இட்டால் அதன் அகரம் ஒடுங்குவதை நினைத்துக்கொள்க. ஓலைச்சுவடிகளில் புள்ளியில்லாமற் படித்துத் திணறியவர்கள் அதன் அருமையை அறிவார்கள். மஜ்ஜை நோய்களில் வேண்டாத இடத்தில் புள்ளிகள் விழுகின்றன. காக்கவேண்டிய மரபணுக்கள் ஊமையாகின்றன. புள்ளியிடும் டி.என்.எம்.டி.3ஏ, அதனை அகற்றும் டெட்2 ஆகிய மரபணுக்களே இந்நோய்களில் பழுதுறுவதை 2009ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

எழுத்துப் பிழையைத் திருத்துவது கடினம். புள்ளியை அழிப்பது அத்துணைக் கடினமன்று. பிராக் நகரில் 1964ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட அஸாசிடிடின் என்ற மருந்து இக்குறிகளைக் குறைப்பதை 1980இல் கண்டனர். 2004இல் அமெரிக்கா அதனை இந்த மஜ்ஜை நோய்க்கு ஏற்றது. நோயை அது வேரறுப்பதில்லை. பலருக்குக் காலத்தை நீட்டித் தருகின்றது.

மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தபின் பெரியவரிடம் சென்று, "ஐயா, இது உங்கள் மஜ்ஜையில் பிற்காலத்தில் விழுந்த பிழை. பிள்ளைகளிடம் போகாது," என்று திருத்திச் சொன்னேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்று கடிந்துகொண்டார். 28 நாட்களுக்கு ஒரு முறை, தொடர்ந்து ஏழு நாட்கள், அஸாசிடிடின் ஊசிக்காகப் பரேலுக்குப் போய்வருகின்றார்.