எல்லையும் குறைபாடும்: ஒரு கலைச்சொல்லின் பொருள்

ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் கிடைத்த கனிமமொன்றை 1839ஆம் ஆண்டில் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் ரோஸ், ரஷ்யப் பிரமுகர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரால் அதனைப் பெரோவ்ஸ்கைட் என்றார். பின்னர் அப்பெயர், அதே அணுவமைப்புக் கொண்ட ஆக்சைடுகள் அனைத்திற்கும் குடிப்பெயராயிற்று. அவற்றுள் ஒன்றாகிய பேரியம் டைட்டனேட்டின் அமைப்பை ஹெலன் மெகா 1945இல் வெளியிட்டார்.

இப்பொருளின் நுண்மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லையில் அணுக்களின் ஒழுங்கு குலைகிறது. அங்கே மின்னேற்றம் தேங்குகிறது. லாந்தனம் சிறிதளவு சேர்த்துச் சுட்ட பேரியம் டைட்டனேட்டில், வெப்பநிலை ஏறத்தாழ 120 பாகை செல்சியஸைக் கடந்ததும் அவ்வெல்லை மின்னோட்டத்தை மறிக்கிறது. மின்தடை பன்மடங்கு உயர்கிறது. மின்கருவிகள் மிகையாகச் சூடேறாமல் காக்க இத்தடை பயன்படுகிறது.

இத்தகைய எல்லையை அறிவியல் 'குறைபாடு' என்னும். ஒழுங்கினின்று விலகியது என்பதே அதன் பொருள்; பழுது என்பதன்று. வகுப்பறையில் அச்சொல்லை எடுத்தாளும் நாம், இவ்வேறுபாட்டையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.