கைக்குழந்தை ஒன்று

சிங்கப்பூரிலிருந்து மகள் வாரத்துக்கு மூன்று முறையாவது கூப்பிடுகிறாள். கேள்வி ஒன்றுதான்: எந்தக் கப்பல்? நாலு ராத்திரி கடலில் சுற்றிவிட்டு, ஏறிய துறைமுகத்திலேயே வந்து இறக்கிவிடும் உல்லாசக் கப்பலில் போகப் போகிறார்கள். பேரனுக்கு ஒரு வயது ஒன்பது மாதம். பால்கனி வைத்த அறையா, இல்லாததா? மேல் தளமா, கீழ்த் தளமா? தொட்டில் கொடுப்பார்களா? "நீதான் சின்ன வயசுலயே கப்பல்ல போனவளாச்சே, சொல்லும்மா" என்கிறாள்.

போனவள்தான். 1959-ல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு, ரஜூலாவில். அப்போது எனக்கும் இதே வயதுதான் இருக்கும். அந்தப் பயணத்தில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அம்மா அந்த ஐந்து நாளைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் என் கல்யாணத்தைவிட அது எனக்குத் தெளிவாகத் தெரியும்.

அம்மாவுக்கு 'எந்தக் கப்பல்' என்ற கேள்வியே வரவில்லை. ரஜூலா, ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. அவசரம் அப்படி. அப்பா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அதுவரை ஆண்கள் போய்ச் சம்பாதிப்பார்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். 1953-ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடிநுழைவுச் சட்டத்தை இறுக்கினார்கள். 1959-ல் இன்னும் இறுக்கினார்கள். இப்போது கூட்டிக்கொள்ளாவிட்டால் பிறகு முடியாது என்று கடைக்குக் கடை பேச்சு. அப்பா தந்தி அடித்தார். மடியில் பிள்ளையோடு இத்தனை பெண்கள் வங்காள விரிகுடாவைத் தாண்டியதற்குக் கடல்மேல் வந்த ஆசை காரணமில்லை, இந்தச் சட்டங்கள்தான் காரணம். கடாரம் கொண்டான் கதையை மேடையில் பேசுகிறவர்கள் இதையும் ஒருமுறை பேசலாம்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் கிடையாது. வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கடுவையாற்று முகத்திலிருந்து படகில் போய்த்தான் ஏற வேண்டும். படகு ஒரு அலைக்கு ஏறும், ஒரு அலைக்கு இறங்கும். ஏறும் நொடியில் ஏணியைப் பிடித்துவிட வேண்டும். என்னைப் படகுக்காரர் ஒருவர் வாங்கி, மேலே குனிந்து நின்ற கலாசியிடம் எட்டிக் கொடுத்தாராம். நான் அழவில்லை, அம்மாதான் அழுதாள். "நடுவுல தண்ணிக்கு மேல நீ ஒரு நிமிஷம் யாருக்குமே சொந்தமில்லாம இருந்தேடி" என்பாள்.

ரஜூலா 1926-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். கூடப் பிறந்த ரோனா 1943-ல் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டு பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களோடு மூழ்கிப்போனது. ரஜூலா பிழைத்து, கிழடாகும்வரை சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று அதே பாதையில் ஓடியது. எட்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் டன்தான். ஆனால் ஆரம்பத்தில் அதற்குக் கொடுத்திருந்த அனுமதி, 5,113 டெக் பயணிகள்! பின்னால் அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள் என்றாலும், அந்த ஐந்தாயிரத்தை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். இன்றைக்கு ஐந்தாயிரம் பேரை ஏற்றும் உல்லாசக் கப்பல் அதைப்போல் இருபது மடங்கு பெரிதாக இருக்கிறது.

டெக் டிக்கெட் என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. இரும்புத் தளத்தில் உன் பாய் விரிந்த இடம் உன் வீடு. அந்த இடத்தையும் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். 1887-ஆம் வருடத்து நேட்டிவ் பாசஞ்சர் ஷிப்ஸ் சட்டத்தில், ஒரு வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஆள். ஒரு வயது நிறையாதது கணக்கிலேயே இல்லை. அந்தக் கணக்கின்படி நான் அரை ஆள். ஆனால் அம்மா டிரங்குப் பெட்டியில் கடைசிவரை வைத்திருந்த டிக்கெட்டில் அதுகூட இல்லை. அம்மா பெயர், அதன் கீழே 'கைக்குழந்தை ஒன்று'. பாஸ்போர்ட்டிலும் அவள் படத்திலேயே மடியில் நான்.

இடம் பிடிப்பதில் அம்மா கெட்டிக்காரி. தூத்துக்குடியில் துறைமுக வேலை பார்த்த என் தாத்தா சொல்லி அனுப்பியிருந்தார்: முன்பக்கம் போகாதே, தூக்கிப் போடும், பின்பக்கம் போகாதே, எஞ்சின் அதிரும், நடுவில், கீழே, குழாய் ஓடும் இடமாகப் பார், தூளி கட்டலாம். அவள் குழாயைக் கண்டுபிடித்துப் புடவையால் தூளி கட்டினாள். கப்பல் ஆடும், தூளி நிமிர்ந்தே நிற்கும். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, நான் தூங்கினேனாம். மகளுக்கு இணையத்தில் எல்லாரும் சொல்லும் யோசனை, நடு அறை, கீழ்த் தளம், இதே தாத்தாவின் யோசனைதான். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை.

சாப்பாடு கப்பலிலேயே கிடைக்கும், பண்டாரி சமைத்துப் போடுவார். அது பெரியவர்களுக்கு. அம்மா எனக்காகக் கட்டிக்கொண்டு போனது தனி மூட்டை: வறுத்துப் பொடித்த அரிசி, பால்பவுடர் டின், வசம்பும் ஜாதிக்காயும் வைத்த உரைமருந்துப் பை, நார்த்தங்காய் ஊறுகாய் (அது அவளுக்கு). தட்டுப்பாடு நல்ல தண்ணீருக்குத்தான். குழாயில் நேரம் வைத்து விடுவார்கள். என் துணிகளைக் கடல் தண்ணீரில் அலசப்போய் உப்பு பூத்து, தொடை புண்ணாகிவிட்டது. பக்கத்துப் பாயில் இருந்த நாகூர் அம்மா ஒருத்தி தன் பங்குத் தண்ணீரில் பாதியைத் தினமும் எனக்குக் கழுவக் கொடுத்தாளாம். அவள் பெயரை அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் அவளுக்குக் கடைசிவரை இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பயம், பினாங்கில் டாக்டர் ஏறுவது. டெக்கில் ஒரு பிள்ளைக்கு அம்மைக் கொப்புளம் தெரிந்தால் போதும், ஜெரெஜாக் தீவில் இறக்கிக் காவலில் வைத்துவிடுவார்கள். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு 1874-லிருந்தே செயின்ட் ஜான் தீவு. முதல் வகுப்புக்காரர்களைப் பார்க்கிற பார்வை வேறு, டெக்கைப் பார்க்கிற பார்வை வேறு. என் தொடைப் புண்ணை மறைக்க அம்மா எனக்குப் பாவாடை கட்டிவிட்டாள். டாக்டர் என் கையிலிருந்த அம்மை குத்திய தழும்பை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

கப்பலைத் தேர்ந்தெடுப்பது என்று நம் பக்கத்தில் ஒன்று நடந்ததென்றால், அது தூத்துக்குடியில், தாத்தாவின் அப்பா காலத்தில் நடந்தது. கொழும்புக்கு அதுவரை ஒரே கம்பெனி, இதே பிரிட்டிஷ் இந்தியா. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பலைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. இவர் எட்டணா ஆக்கினார். அவன் சும்மாவே ஏறு, குடையும் தருகிறேன் என்றான். இந்தக் கதையைச் சொல்லும்போது தாத்தா நிறுத்திச் சிரிப்பார். பிள்ளையும் மூட்டையுமாக ஓசியில் குடை வாங்கிக்கொண்டு போனவர்களைத் திட்டினாரா, ரசித்தாரா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், கம்பெனி நொடித்தது. ஐம்பது வருடம் கழித்துத் தன் மகளையும் பேத்தியையும் அதே பிரிட்டிஷ் இந்தியாவின் கப்பலில்தான் தாத்தா ஏற்ற வேண்டியிருந்தது.

நான் திரும்பி வந்தது 1975-ல். ரஜூலாவை அதற்குள் நம் அரசாங்கக் கப்பல் கழகம் வாங்கி, ரங்கத் என்று பெயர் மாற்றி, 1974-ல் பம்பாயில் உடைத்தாயிற்று. அந்த இடத்துக்கு வந்தது எம்.வி. சிதம்பரம். பிரெஞ்சுக்காரர்கள் 1966-ல் தென்னமெரிக்காவுக்கு ஓட்டக் கட்டிய பாஸ்டர் என்ற கப்பல் அது. கப்பலின் பெயரைக் கேட்டவர்கள் கோயிலை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தாத்தாவுக்கு நினைவு வந்தது வேறு சிதம்பரம். "வந்துட்டாருடா பிள்ளைவாள்" என்றாராம். அதில் எல்லாருக்கும் படுக்கை இருந்தது. பாய் விரிக்கிற காலம் போயிற்று. ஆனால் படுக்கைக்கு மேல் படுக்கை, இரும்புக் கம்பி. பிள்ளை வைத்திருந்தவர்கள் மெத்தையை இழுத்துக் கீழே போட்டுக்கொண்டு தரையில்தான் படுத்தார்கள். எண்பதுகளின் நடுவில் அதில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தப் பாதையில் பயணிகள் கப்பல் முடிந்தது.

உல்லாசத்துக்குக் கப்பல் ஏறும் வழக்கம் தனியாக வளர்ந்த கதை. ஹாம்பர்க்கின் ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் கூட்டமில்லாமல் சும்மா நின்ற அகஸ்டா விக்டோரியா கப்பலை 1891-ல் மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்ட அனுப்பினார். வசதி படைத்தவர்கள் போனார்கள். பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. 1972-ல் கார்னிவல் கம்பெனியின் முதல் கப்பல் மார்டி கிரா மயாமியை விட்டுக் கிளம்பின கையோடு மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. அப்படித் தொடங்கியவர்கள்தான் நடுத்தரக் குடும்பங்களைக் கடலுக்கு இழுத்தார்கள். 1998-ல் டிஸ்னி மேஜிக் வந்தபோது பிள்ளைகளுக்கென்றே ஒரு தளத்தை ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். அரை ஆளாக இருந்த பிள்ளை அதற்குள் முழு வாடிக்கையாளர் ஆகிவிட்டது.

வாடிக்கையாளரானால் விதிமுறைகளும் வரும். பெரும்பாலான கம்பெனிகள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. பல நாள் கரை காணாத பயணமென்றால் ஒரு வயது. டயப்பர் கட்டிய குழந்தை நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது, நீச்சல் டயப்பர் என்றாலும் கூடாது; அதற்கென்று தனியாகச் சுத்திகரிக்கும் தெளிப்புத் தண்ணீர் இடம் இருந்தால் அங்கே மட்டும். இது அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு அந்த நாட்டுச் சுகாதாரத் துறை வகுத்தது, மற்றவர்களும் பின்பற்றுகிறார்கள். மகளுக்கு இதில்தான் கோபம். "குளம் இருக்குன்னு பெருசா படம் போட்டிருக்கான், கடைசி வரியில பொடி எழுத்துல கூடாதுங்கிறான்!" பொடி எழுத்தில் எழுதியிருக்கும் வரியை முதலில் படி என்று சொன்னேன்.

என்னை உலுக்கியது வேறொரு விதி. கைக்குழந்தைக்கென்று அளவெடுத்த உயிர்காப்பு அங்கி, இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் குழந்தைக்கு ஒன்று வீதம் இருந்தே ஆகவேண்டும் என்று சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளில் வந்தது 2010-ல்தான். அதுவரை பிள்ளைகள் அளவு அங்கி, பயணிகளில் நூற்றுக்குப் பத்து என்று பொதுவாக ஒரு கணக்கு, அவ்வளவுதான். டைட்டானிக் மூழ்கி நூறு வருடம் ஆகப்போகும் சமயத்தில்தான் பதினைந்து கிலோவுக்குக் குறைந்த ஒரு உயிரைத் தனியாக எண்ணத் தோன்றியிருக்கிறது. ரஜூலாவில் ஏதாவது ஆகியிருந்தால் அம்மா என்ன செய்திருப்பாள்? புடவைத் தூளியை அவிழ்த்து என்னைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருப்பாள். ஒவ்வொரு ராத்திரியும் அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்தேன் என்று ஒருமுறை சொன்னாள். ஒரே ஒரு முறை.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் கிளம்பியபோது மகளும் நானும் பேசிக்கொண்டோம், பேரன் அப்போது பிறக்கவில்லை. 2023-ல் நாகையிலிருந்தே காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். பார்க்கப் போனேன். இப்போது படகில் போய் ஏற வேண்டியதில்லை, கரையிலிருந்தே ஏறலாம்.

நேற்று ராத்திரி மகள் முடிவுசெய்துவிட்டாள். பால்கனி இல்லாத அறை, நடுவில், கீழிருந்து மூன்றாவது தளம். முன்பதிவுப் படிவத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். பேரனின் முழுப்பெயர், பிறந்த தேதி, தனிப் பாஸ்போர்ட் எண், எடை பதினொன்றரைக் கிலோ, பருப்பு ஒவ்வாமை உண்டா இல்லையா, தொட்டில் ஒன்று. இரண்டு தரம் படித்தேன். பிறகு கூப்பிட்டு, நூல் புடவை ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். எதற்கென்று கேட்டாள். தொட்டில் பிடிக்காவிட்டால் கட்டலாம் என்றேன்.

"அங்க எதுலம்மா கட்டுறது?"

குழாய் எங்காவது ஓடும், தேடிப் பார் என்றேன்.